சூதாட்டத் தளங்களுக்கு ஆள் சேர்க்கும் கமிஷன் வேலை: சட்டம் யாரைப் பிடிக்கிறது?

டெலிகிராம் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் கல்லூரி மாணவர்களைத் தேடி வரும் அழைப்பு ஒன்று உண்டு. முதலீடு வேண்டாம், அலுவலகம் வேண்டாம், ஓர் இணைப்பைப் பகிர்ந்தால் போதும், அதன் வழியாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கமிஷன் வரும் என்பதே அதன் சாரம். இந்த ஏற்பாட்டுக்கு ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ என்று பெயர். பகிரப்படும் இணைப்பு புத்தகக் கடைக்கோ துணிக்கடைக்கோ உரியதாயின் அது சட்டப்படியான வேலையே. அந்த இணைப்பு பணம் கட்டி ஆடும் தளத்துக்கு உரியதாயின், அதைப் பகிர்ந்தவர் விளம்பரதாரராக மட்டும் கருதப்படுவதில்லை. குற்றத்துக்கு ஆள் சேர்த்தவராகவும் அவரைச் சட்டம் நோக்கக்கூடும்.

‘நான் ஆடவில்லை, தளம் என்னுடையதன்று, விளம்பரம் மட்டும்தான் செய்தேன்’ என்பது இவ்வேலையில் இறங்கிய இளைஞர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இன்றைய சட்டங்களின் முன் இப்பதில் நிற்பதில்லை. தளத்தை நடத்துபவர் கடல் கடந்து இருக்க, முகமும் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் கமிஷன் பெறும் இளைஞரே. அவர் தலித்தாகவும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகவும் இருந்தால், ஒரு வழக்கு அவரிடமிருந்து பறிப்பது அபராதத் தொகையைக் காட்டிலும் மிகப் பெரிது. ஆகவே இச்சட்டங்களைப் பிரிவு பிரிவாக அறிந்துகொள்வது மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தேவையாகிறது.

கமிஷன் எங்கிருந்து வருகிறது

சூதாட்டத் தளங்கள் பெரும்பாலும் இரு முறைகளில் கமிஷன் தருகின்றன. முதலாவது, ஆள் கணக்கு. இணைப்பின் வழியாக ஒருவர் பதிவுசெய்து குறிப்பிட்ட தொகையைக் கட்டியவுடன் ஒரு நிலையான தொகை வழங்கப்படும். இரண்டாவது, வருவாய்ப் பங்கு. சேர்த்துவிடப்பட்டவர் மாதந்தோறும் தளத்தில் இழக்கும் பணத்தில் ஒரு விழுக்காடு, அவரைச் சேர்த்தவருக்குப் போகும்.

இந்த இரண்டாவது முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர் வென்றால் சேர்த்தவருக்கு வருமானம் இல்லை. தோற்றால்தான் வருமானம். ஒரு மாணவர் தன் இணைப்பை முதலில் அனுப்புவது தன் வகுப்புத் தோழருக்கும், தெருவில் உள்ள நண்பருக்கும், கட்டட வேலைக்குப் போகும் சித்தப்பா மகனுக்குமே. அவர்கள் இழக்கும் நாட்கூலியிலிருந்துதான் அவருடைய கமிஷன் பிறக்கிறது. நீதிமன்றத்தில் இது வெறும் அறநெறிக் கேள்வியாக நின்றுவிடாது. பிறரது இழப்பில் நேரடிப் பங்கு பெற்றவர், நிகழ்ந்ததை அறியாத விளம்பரதாரர் என்று வாதிடுவது கடினம். கமிஷன் கணக்கைக் காட்டும் தளப்பக்கம் அரசுத் தரப்புக்கு ஆவணமாகிவிடும்.

தனக்குக் கீழே வேறு ஆட்களை முகவர்களாகச் சேர்த்து, அவர்கள் ஈட்டும் கமிஷனிலும் ஒரு பங்கு பெறும் ஏற்பாடும் உண்டு. மேலே செல்லச் செல்லப் பணம் கூடுகிறது. கீழே வர வர ஆபத்து கூடுகிறது. மேலே இருப்பவர் பொய்ப் பெயரிலும் மெய்நிகர் நாணயத்திலும் இயங்குகிறார். கீழே இருப்பவர் தன் பெயரில் உள்ள யுபிஐ எண்ணில் பணம் வாங்குகிறார்.

தமிழ்நாட்டுச் சட்டம்

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் முதல் முயற்சி 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் செல்லாது என்று அறிவித்தது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அரசுக்கு அறிக்கை அளித்தது. அதன் பின் அவசரச் சட்டம் வந்தது. சட்டமன்றம் 2022 அக்டோபர் 19 அன்று நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று மன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இதுவே ‘தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2022’.

இச்சட்டம் மூவரைத் தண்டிக்கிறது. சூதாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சூதாட்டத்தை விளம்பரப்படுத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தளத்தை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் அதே குற்றம் புரிந்தால் விளம்பரதாரருக்கும் நடத்துபவருக்கும் தண்டனை உயரும். ஆடுபவரைவிட ஆள் சேர்ப்பவரைச் சட்டம் கடுமையாக நோக்குகிறது என்பதை இவ்வரிசையே காட்டுகிறது. ‘நான் ஆடவில்லை’ என்ற பதில் ஒருவரைக் காப்பதற்கு மாறாக, பட்டியலின் மேற்படியில் நிறுத்துகிறது.

நேரடி விளம்பரம் மட்டுமே குற்றம் என்று எண்ணலாகாது. மறைமுகமாகத் தூண்டுவதும் தடைக்குள் அடங்கும். ‘இன்றைய ஆட்டத்தின் கணிப்பு’ என்று ஒரு காணொளி வெளியிட்டு, அதன் குறிப்புப் பகுதியில் இணைப்பை வைப்பதும் விளம்பரமே.

2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. எனினும் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்த ஆட்டங்களாக அட்டவணையில் சேர்த்தது அவ்வாட்டங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ‘ரம்மி திறன் விளையாட்டு, ஆகவே விளம்பரம் செய்யலாம்’ என்ற நம்பிக்கை இத்தீர்ப்பிலிருந்தே பரவியது. இரண்டே ஆண்டுகளில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது.

2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம்

இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இச்சட்டம் திறன், வாய்ப்பு என்ற பழைய பிரிவினையையே விலக்கிவிட்டது. பணம் கட்டி, பணமோ பிற ஆதாயமோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடப்படும் எந்த இணைய ஆட்டமும் ‘இணையவழிப் பண விளையாட்டு’ ஆகும். ரம்மியும் கற்பனைக் கிரிக்கெட் அணிப் போட்டியும் இதற்குள் வரும். இந்தியாவுக்கு வெளியிலிருந்து நடத்தப்பட்டு இங்கு வழங்கப்படும் சேவைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

கமிஷன் பெறுபவர் கவனிக்க வேண்டிய பிரிவுகள் இரண்டு. ஆறாவது பிரிவு விளம்பரம் பற்றியது. விளம்பரம் செய்வது மட்டுமன்றி, அதற்கு உதவுவதும், உடந்தையாவதும், தூண்டுவதும், வேறு வகையில் பங்கேற்பதும் அதன்படி குற்றம். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காணொளியைத் தொகுத்துக் கொடுத்தவரும், குழுவை நிர்வகித்தவரும், விளம்பரப் படத்தை வடிவமைத்தவரும் இதன் வீச்சுக்குள் வரலாம்.

ஐந்தாவது பிரிவு பண விளையாட்டை வழங்குவது பற்றியது. அதிலும் உதவுதல், உடந்தை, தூண்டுதல் ஆகிய சொற்கள் உள்ளன. அதற்குத் தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்தாவது பிரிவின் கீழான குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை மறுக்கப்படக்கூடியது. ஆறாவது பிரிவுக்கு அச்சட்டத்தில் அந்தக் கடுமை சொல்லப்படவில்லை.

கமிஷன் வேலையின் மெய்யான சட்ட ஆபத்து இவ்விரு பிரிவுகளுக்கும் இடையில் உள்ளது. ஓர் இணைப்பைப் பகிர்ந்ததோடு நின்றவர் ஆறாவது பிரிவுக்குள் நிற்கலாம். புதியவருக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தவர், அவரிடம் பணம் பெற்றுத் தளத்துக்குக் கட்டியவர், வென்ற தொகையைத் தன் கணக்கு வழியாகப் பிரித்துக் கொடுத்தவர் ஆகியோரை விளம்பரதாரர் என்று காவல் துறை கருத வேண்டியதில்லை. ‘வழங்குவதற்கு உதவினார்’ என்று ஐந்தாவது பிரிவின் கீழ் வழக்குப் பதியலாம். ‘ஐடி எடுத்துத் தருகிறேன்’ என்று சொல்லித் தொழில் செய்யும் இளைஞர்கள் இந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டவர்கள்.

ஒன்றிய அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலர் பிடியாணையின்றி நுழையவும் சோதனையிடவும் கைது செய்யவும் இச்சட்டத்தில் தனிப் பிரிவு உள்ளது. சோதனைக்கு உரிய இடம் என்பதில் மின்னணு இடமும் அடங்கும். ஆடுபவருக்கு ஒன்றியச் சட்டம் தண்டனை விதிக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அது நோக்குகிறது. ஆள் சேர்த்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.

வேறு சட்டங்களின் பிடி

சூதாட்டச் சட்டங்களோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112ஆவது பிரிவு ‘சிறு அளவிலான அமைப்புசார் குற்றம்’ என்ற புதிய வகையை உருவாக்கியுள்ளது. ஒரு குழுவின் உறுப்பினராகத் தனித்தோ சேர்ந்தோ அனுமதியற்ற பந்தயத்திலோ சூதாட்டத்திலோ ஈடுபடுவது இதில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். ஒரு டெலிகிராம் குழுவில் நிர்வாகியாக இருப்பது ‘குழுவின் உறுப்பினர்’ என்பதற்குப் போதுமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை எழுப்பும் வாய்ப்பு வழக்குப் பதிவான பின்னரே கிட்டும்.

மோசடி பற்றிய 318ஆவது பிரிவும் பொருந்தக்கூடும். விளம்பரம் செய்பவருக்குத் தளமே ஒரு ‘டெமோ’ கணக்கைத் தருவது இத்தொழிலின் அறிந்த வழக்கம். அதில் தோல்வி இல்லை. காட்டப்படும் லட்சங்கள் மெய்ப்பணமும் அல்ல. அத்திரையைப் பதிவுசெய்து ‘நான் வென்றேன்’ என்று வெளியிடுபவர், பிறரை ஏமாற்றிப் பணம் கட்டச் செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கு வழி திறக்கிறார். ஏமாற்றிப் பணத்தை ஒப்படைக்கத் தூண்டியதற்கான தண்டனை ஏழாண்டு வரை நீளும்.

மோசடிப் பிரிவு சேர்ந்தவுடன் அமலாக்கத் துறைக்கும் கதவு திறக்கிறது. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002இன் அட்டவணையில் மோசடிக் குற்றம் இடம்பெற்றுள்ளது. குற்றத்தால் வந்த பணத்தைக் கையாள அறிந்தே உதவுவதும் அச்சட்டப்படி குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழாண்டு வரை. அதன் 45ஆவது பிரிவின்படி பிணை பெறுவது மிகக் கடினம். எனினும் குற்றஞ்சாட்டப்பட்ட தொகை 1 கோடி ரூபாய்க்குக் குறைவாயின் அக்கடுமையைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் இது பொருந்தும். எளிய குடும்பங்களின் வழக்கறிஞர்கள் இந்த விதிவிலக்கை முதல் நாளிலேயே நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரை செய்பவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றை விளம்பரப்படுத்துவதற்கு எதிராக அவ்வாணையம் 2024 மார்ச் 6 அன்று அறிவுரை வெளியிட்டது. சமூக ஊடகப் பிரபலங்களை நேரடியாகக் குறிப்பிட்டுத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதே மாதம் 21 அன்று எச்சரித்தது. இவ்வறிவுரைகளுக்குப் பின் ‘சட்டவிரோதம் என்று தெரியாது’ என்ற விளக்கம் மேலும் வலுவிழந்தது.

வருமான வரியும் இங்கு மறக்கத்தக்கதன்று. கமிஷன் வருமானமே. மெய்நிகர் நாணயமாக வந்து, அதை விற்றால் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. வருமானம் சட்டவிரோதமானது என்பதால் வரிக் கடமை நீங்குவதில்லை.

நான்கு தவறான நம்பிக்கைகள்

‘தளம் வெளிநாட்டில் உரிமம் பெற்றது’ என்பது முதலாவது. குராசோ போன்ற தீவு நாடுகளில் பெற்ற உரிமம், இந்தியாவில் ஆள் சேர்க்க இசைவு தருவதில்லை.

‘பிரபல நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் செய்கிறார்களே’ என்பது இரண்டாவது. 2025 மார்ச்சில் தெலங்கானாவில் திரைக்கலைஞர்கள், யூடியூபர்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர் மீது காவல் துறை வழக்குப் பதிந்தது. பின்னர் அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கியது. அதற்கு முந்தைய மாதம் விசாகப்பட்டினத்தில், மீன்பிடித் தொழில் பற்றிய காணொளிகளால் அறியப்பட்ட ஓர் இளம் யூடியூபர் பந்தயச் செயலிகளை விளம்பரப்படுத்திய வழக்கில் கைது செய்யப்பட்டார். பிரபலங்களுக்கு அழைப்பாணையை எதிர்கொள்ள வழக்கறிஞர் குழு இருக்கிறது. மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் அது இல்லை.

‘நான் இடைத்தரகன், யூடியூப், இன்ஸ்டாகிராம் நிறுவனங்களுக்கு உள்ள பாதுகாப்பு எனக்கும் உண்டு’ என்பது மூன்றாவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, பிறர் இடும் உள்ளடக்கத்தைக் கடத்தும் தளங்களுக்கே உரியது. உள்ளடக்கத்தைத் தானே உருவாக்கியவருக்கு அது பொருந்தாது.

‘தொழில் செய்யும் உரிமை அடிப்படை உரிமை’ என்பது நான்காவது. சூதாட்டம் அரசமைப்புச் சட்டம் காக்கும் வணிகமே அன்று என்று 1957இலேயே சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திறன் விளையாட்டுகளை அத்தீர்ப்பு வேறாக வைத்தது. அந்த வேற்றுமை 2025ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னும் நிலைக்குமா என்பதே உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றுள்ள கேள்வி. அதற்கு விடை வரும் என்று நம்பித் தன் பெயரில் இணைப்பைப் பகிர்வது, நிறுவனங்களுக்காக ஒரு மாணவர் தன் எதிர்காலத்தைப் பணயம் வைப்பதாகும்.

ஒரு வழக்கு பறிப்பவை

இத்தகைய வழக்கில் முதலில் விழும் அடி வங்கிக் கணக்கின் மீது. பட்டியல் சாதி மாணவருக்கான கல்வி உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. கமிஷன் பணமும் அதே கணக்கில் வந்திருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான இணையக் குற்றப் புகாரின் பேரில் அக்கணக்கு முடக்கப்படலாம். விடுதிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் காத்திருந்த பணம் உள்ளேயே நின்றுவிடும். கமிஷன் வேலையின் அடுத்த படியாக வரும் ‘உன் கணக்கை மாதம் சில ஆயிரத்துக்கு வாடகைக்குக் கொடு’ என்ற கோரிக்கை இன்னும் கொடியது. அக்கணக்கில் யாருடைய பணம் ஓடினாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கின் உரிமையாளர்.

இரண்டாவது அடி அரசுப் பணியின் மீது விழுகிறது. தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு இல்லாத நாட்டில், தலித் இளைஞருக்கு நிலையான வாழ்வுக்கான வாயில் இன்றும் அரசுப் பணியே. அதற்குக் காவல் துறைச் சரிபார்ப்பு உண்டு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பயனால் விடுவிக்கப்பட்டவர்கூடக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். வழக்கை மறைத்துப் படிவம் நிரப்புவதும் தீர்வன்று. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, மறைப்பே பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். சிறு குற்றமாயின் வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே உள்ளதைச் சொல்வதே நலம்.

மூன்றாவது, பிணை. பிணை கிடைத்த பின்னும் சொத்துள்ள பிணையாளரைக் காட்ட வேண்டியிருக்கும். பட்டா இல்லாத புறம்போக்கில் குடியிருக்கும் குடும்பம் யாரைக் காட்டும்? 1978இல் மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்ப் பிணை கேட்டதைக் கண்டித்தார். அத்தீர்ப்புக்குப் பின்னும் சிறைகளின் நிலை மாறிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளில் அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன.

அழைப்பாணை வந்தால்

இணைப்பைப் பகிர்ந்திருப்பவர் உடனே செய்ய வேண்டியது, அவ்வேலையை நிறுத்துவதும் புதிதாக யாரையும் சேர்க்காதிருப்பதும் ஆகும். பொதுவெளியில் உள்ள விளம்பரத்தை விலக்கிக்கொள்வது வேறு, உரையாடல்களையும் பணப்பதிவுகளையும் அழிப்பது வேறு. சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆவது பிரிவின்படி தனிக் குற்றமாகலாம். எதை விலக்குவதானாலும் அதற்கு முன் படியெடுத்து வைத்து, வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்திலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தால் அதைப் புறக்கணிக்கலாகாது. அறிவிப்பின்படி முன்னிலையாகி ஒத்துழைப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3) உறுப்பு கூறுகிறது. வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதை மறுக்கலாம்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவு தரும் உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இவ்வுரிமையை அறியாமல் வழக்கறிஞர் கட்டணத்துக்காகக் கந்துவட்டி வாங்கும் குடும்பங்கள் பல.

பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி, ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாதவரை வறியவர் என்று கருதிச் சொந்தப் பிணைமுறியில் விடுவிக்க வேண்டும் என்பது அதே சன்ஹிதாவின் 478ஆவது பிரிவு. முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனைக் காலத்தின் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 479ஆவது பிரிவு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இப்பயன் கிட்டாது.

வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால், எந்தப் புகாரின் பேரில், எந்தத் தொகைக்காக என்று வங்கியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். முழுக் கணக்கையும் முடக்காமல் ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. உதவித்தொகை அக்கணக்கில்தான் வருகிறது என்பதைச் சான்றுடன் குறிப்பிட்டுக் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம்.

இயக்கங்களின் பொறுப்பு

இந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் கீழ் மரத்தடியில் சீட்டாடிய கூலித் தொழிலாளி காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார். கிண்டியில் குதிரை மீது பணம் கட்டியது திறன் சார்ந்தது என்று 1996இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. யாருடைய ஆட்டம் குற்றம், யாருடைய ஆட்டம் பொழுதுபோக்கு என்பதில் வர்க்கமும் சாதியும் எப்போதும் ஒளிந்திருந்தன. இணையச் சூதாட்டத்திலும் அந்தப் பிளவு தொடராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இதற்காகச் சட்டத்தை எதிர்க்க வேண்டியதில்லை. இத்தளங்கள் முதலில் காலி செய்வது உழைக்கும் மக்களின் சட்டைப்பையை; தடை நமக்குத் தேவையே. வேண்டுவது, தண்டனை சங்கிலியின் மேல்முனையையும் எட்டுவது. விளம்பரக் கட்டணம் வாங்கிக்கொண்டு இவற்றைக் காட்டிய சமூக ஊடக நிறுவனங்களும், பணம் கடத்திய இடைநிலை நிறுவனங்களும், முகவர் வலையை நடத்தியவர்களும் விசாரிக்கப்பட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க் கமிஷன் பெற்ற மாணவரை ஐந்தாவது பிரிவில் சேர்த்துக் கணக்குக் காட்டுவதை நீதிமன்றங்களில் எதிர்க்க வேண்டும்.

மாணவர் அமைப்புகளும் விடுதிக் குழுக்களும் சேர்க்கைக் காலத்திலேயே இதைப் பற்றிப் பேசலாம். எந்த இணைப்பையும் பகிருமுன் மூன்று கேள்விகள் போதும்: இத்தளத்தில் ஆடுபவர் பணம் கட்டுகிறாரா? என் வருமானம் அவருடைய இழப்பிலிருந்து வருகிறதா? பணம் யார் பெயரில், எந்த வழியில் என் கணக்குக்கு வருகிறது? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையாயின் அந்த வேலையைத் தொடக் கூடாது.

பகுதி நேர வேலையின்றிப் படிப்பைத் தொடர முடியாத நிலையில்தான் பலர் இந்த வலையில் விழுகிறார்கள். உதவித்தொகை உரிய காலத்தில் வராத மாதங்களில் இத்தகைய அழைப்புகளுக்கு வலு கூடுகிறது. ஆகவே உதவித்தொகையை நாள் தவறாமல் வழங்கக் கோரும் போராட்டமும், இணையச் சூதாட்டத்துக்கு எதிரான பரப்புரையும் ஒன்றாகவே நடத்தப்பட வேண்டும்.